ஞானத்தகப்பன் தந்த பெயர்

1

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான், மொன்றியலில் இப்போது போர்த்துக்கேயர்களின் பழைய ஞானஸ்நானப் புத்தகங்களை வாசித்துக்கொடுக்கிற ஆள். எனக்குப் போர்த்துக்கேய மொழி தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் எனக்கு நெஞ்சு படபடக்கும்.

என் பிழைப்பு வேறு. கிழமையில் நாலு நாள் மொன்றியல் நோரில் ஒரு கார்டெரியில், அதாவது வேலைக்குப் போகிறவர்கள் சின்னப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடத்தில், சமையல். சூப்புக்கு உப்புப் போட்டேனா, இரண்டு தரம் போட்டேனா என்று யோசித்தபடி பஸ்ஸில் வீட்டுக்கு வருவேன். வந்ததும் தபால் பெட்டியைப் பார்ப்பேன். மண்ணிறக் கடித உறை இருந்தால் அரசாங்கம். திறப்பதற்கு முன்பு ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லுவேன். இத்தனை வருடத்தில் அவர்கள் என்னை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் இனிமேல் செய்யமாட்டார்கள் என்று எங்கும் எழுதிக் கொடுக்கவும் இல்லை.

போன சனிக்கிழமை நாங்கள் வாடகைக்கு இருக்கிற வீட்டின் சொந்தக்காரர், கீழ்த்தட்டில் இருக்கிற மனுவேலுக்கு எண்பது வயது. போர்த்துக்கேய மண்டபத்தில் விருந்து. அங்கே சுவரில் ஒரு பெரிய கடதாசி ஒட்டியிருந்தது. அந்தக் கடதாசியில் என்ன இருந்தது, என்ன இருக்கவில்லை என்பதற்கு ஓரளவு நான்தான் காரணம். ஊரில் இருக்கிறவர்களுக்கு வேறு மாதிரிக் கதை போய்ச் சேருமுன்னர் நானே எழுதிவிடுகிறேன்.

2

மனுவேலை முதலில் சந்தித்து இருபத்திரண்டு வருடம். வீட்டு விண்ணப்பத்தில் என் பெயர் திரேசா மிராண்டா, என் கணவர் இவருடைய பெயர் சேவியர் குரூஸ். அப்போது எங்களுக்குக் கல்யாணம் முடிந்து ஒரு மகளும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். ஆனால் இந்த மாகாணத்தில் பெண் கல்யாணம் கட்டினாலும் பிறந்த பெயரில்தான் இருக்க வேண்டும் என்று சட்டம். ஊரில் நான் மிஸிஸ் குரூஸ். இங்கே வந்து இறங்கியதும் அரசாங்கம் என்னை என் அப்பாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டது. என் மருத்துவ அட்டை வந்த அன்று இவர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப நான் ஆர்?" என்று கேட்டார்.

மனுவேல் அந்த விண்ணப்பத்தில் மிராண்டா, குரூஸ் என்ற இரண்டு பெயர்களைக் கண்டதும், தன் ஆட்கள் வருகிறார்கள் என்று கோப்பி போட்டு வைத்திருந்தார். கதவைத் திறந்தார். நாங்கள் நின்றோம். எங்களுக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

"எந்த இடம்?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

"மன்னார். தீவு" என்றார் இவர்.

"நானும் தீவுதான்!" என்றார் மனுவேல். அவருடையது அட்லாண்டிக் கடலின் நடுவே இருக்கும் அசோரஸ் தீவுகளில் ஒன்று. கோப்பி ஆறுமுன்னரே உலகப் படம் ஒன்றை விரித்து மன்னாரைக் கண்டுபிடித்தார். "அங்கேயும் நாங்கள் போயிருக்கிறோம்" என்று தன் நெஞ்சைத் தொட்டுக்காட்டினார். எங்களுக்குள் போர்த்துக்கேய இரத்தம் ஓடுகிறது என்று அவருக்குச் சந்தேகமே இல்லை. அன்றிலிருந்து யார் வந்தாலும் எங்களைத் தூரத்துச் சொந்தம் என்றே அறிமுகம் செய்வார்.

நாங்கள் வீடு தேடி இரண்டு மாதமாக அலைந்துகொண்டிருந்தோம். இரத்தத்தைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை.

உண்மை என்னவென்று உங்களுக்குத் தெரியும். எங்கள் கரையில் ஆட்கள் ஞானஸ்நானம் பெற்ற காலத்தில், ஞானத்தகப்பனாக நின்ற பறங்கிகளின் பெயரைத்தான் எடுத்துக்கொண்டார்கள் என்று மறைக்கல்வி வகுப்பில் சொல்லித் தந்திருக்கிறார்கள். கப்பலில் வந்த ஒரு மிராண்டா கரையில் நின்று எத்தனை பேருக்குக் கை வைத்தானோ, அத்தனை பேரும் மிராண்டா. இரத்தம் ஒரு சொட்டும் இல்லை. இதை மனுவேலுக்குச் சொல்ல வேண்டும், சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் நினைப்பேன். அவர் கேக்கோடு மேலே வருவார். நான் கேக்கை வாங்கிக்கொள்வேன்.

3

மனுவேலுக்கு ஒரு தாத்தா இருந்தார். தாத்தா என்றால், தகப்பனின் தகப்பன். கப்டன் பஷேக்கு. மனுவேலின் குடும்பப் பெயரும் அதுதான். திமிங்கிலம் பிடிக்கப் போய்க் கடலோடு போனவர். இருபத்திரண்டு வருடத்தில் அவரைப் பற்றி நான் கேட்டது என் சொந்தப் பாட்டனைப் பற்றிக் கேட்டதைவிட அதிகம். முறுக்கின மீசை. மேல்வரிசையில் ஒரு தங்கப் பல். புயலில் தன் ஆட்கள் எல்லோரையும் சிறிய படகில் ஏற்றி அனுப்பிவிட்டுத் தான் மட்டும் நின்றவர். மனுவேலின் வரவேற்பறையில் மரத்தால் செய்த ஒரு சின்னப் படகு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. தூசி தட்டும்போது கூட அவர் தொப்பியைக் கழற்றிவிடுவார்.

போன வருடம் அவருடைய கண் கெட்டுப்போனது. நேரே பார்த்தால் நடுவில் ஒன்றும் தெரியாது, ஓரத்தால் மட்டும் தெரியும். மனைவி இறந்துவிட்டா. பேத்தி மெலிசா, பல்கலைக்கழகம் படித்தவள், எண்பதாம் பிறந்தநாளுக்குக் குடும்ப மரம் ஒன்று செய்து மண்டபத்தில் மாட்டுவோம் என்று தொடங்கினாள். அந்தத் தீவின் கோயில் புத்தகங்கள் எல்லாவற்றையும் படம் எடுத்து இணையத்தில் போட்டிருக்கிறார்களாம். மூன்று ஞாயிற்றுக்கிழமை மினக்கெட்டாள். பிறகு கீழே இருந்து சத்தம் கேட்டது.

"பஷேக்குவே இல்லை, தாத்தா! அந்த வருசங்களில பஷேக்குவுக்குப் பிறந்த ஜுசே ஒருத்தரும் இல்லை. உங்கட பாட்டியும் மூண்டு பேரா வாறா!"

ஜுசே என்பது மனுவேலின் தகப்பன். எங்கள் சூசைதான். இங்கே ஒன்று சொல்லவேண்டும். அவர்களும் நானும் கதைப்பது பிரெஞ்சில், அதுவும் என்னுடைய பிரெஞ்சில். ஆனால் என் காதுக்குள் விழும்போது அது மன்னார்த் தமிழாகத்தான் விழுகிறது, அப்படியே எழுதுகிறேன்.

நான் அந்த நேரம் வாடகைக் காசோலை கொடுக்கக் கீழே போயிருந்தேன். மெலிசா மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். ஒரு புத்தகத்தில் மனுவேலின் பாட்டி, ஜுசேயின் தாயின் பெயர் யேசுவின் மரியா. இன்னொன்றில் அமலோற்பவ மரியா. சாவுப் புத்தகத்தில் பரிசுத்த ஆவியின் மரியா.

"ஒரு ஆள்தான்" என்றேன்.

"எப்பிடி மதாம்? பெயர் வேற வேறயா இருக்கு."

"என்ட அம்மாவுக்கும் நாலு பெயர். கோயில் புத்தகத்தில ஒண்டு, பள்ளிக்கூடத்தில ஒண்டு, வீட்டில ஒண்டு. நாலாவது நேர்த்தி வைச்சு வந்தது."

மெலிசா அதைப் பெரிதாக எடுக்கவில்லை. கணினி மூன்று பெண்கள் என்று சொன்னது. நான் ஒரு பெண் என்று சொன்னேன். கணினிக்கு என்னைவிடப் படிப்பு அதிகம். ஆனால் மூன்று இடத்திலும் ஒரே ஒழுங்கையின், அந்தச் சின்னத் தெருவின், பெயர் இருந்தது, மூன்றிலும் ரோசா என்று ஒரு சகோதரி பக்கத்தில் நின்றாள். நான் விரலால் தொட்டுக் காட்டினேன். மனுவேல் தலையை ஒரு பக்கம் சரித்து, ஓரக் கண்ணால் என்னையே பார்த்தார்.

"மதாம் மிராண்டா, இந்தப் பழைய கையெழுத்து உங்களுக்கு எப்படித் தெரியுது?"

தெரியவில்லை, அதுதான் விசயம். படித்தவர்கள் ஒரு சொல்லின் முதல் இரண்டு எழுத்தைக் கண்டதும் மிச்சத்தை ஊகித்துவிடுகிறார்கள். எனக்கு ஊகிக்கத் தெரியாது. எந்த விண்ணப்பப் பாரத்தையும் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துத்தான் இந்த நாட்டில் நான் நிரப்பியிருக்கிறேன். ஒரு எழுத்து பிழைத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம்.

இப்படித்தான் வேலை தொடங்கியது. கார்டெரி இல்லாத செவ்வாய்க்கிழமைகளில் நான் எழுத்தெழுத்தாகச் சொல்லுவேன். மனுவேல் கண்ணை மூடிக்கொண்டு அவற்றைச் சேர்த்துச் சொல்லாக்குவார். தகப்பன், தாய், ஞானத்தகப்பன், ஞானத்தாய் என்று பத்துச் சொற்களை மெலிசா ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டுப் போனாள். அந்தத் தீவில் ஞானஸ்நானத்தில் பிள்ளைக்கு முதற்பெயர் மட்டும்தான் வைத்திருக்கிறார்கள். வளர்ந்த பிறகு தகப்பனுடையதோ, தாயின் பக்கத்ததோ, ஞானத்தகப்பனுடையதோ, எது ஒட்டியதோ அது குடும்பப் பெயர். அடுத்த தலைமுறையில் அதுவும் மாறும். மெலிசா செய்த பிழை, பஷேக்கு என்ற பெயர் தகப்பனுக்கு இருக்கிற பக்கங்களை மட்டும் பார்த்தது. நான் எல்லாவற்றையும் பார்த்தேன். ஒன்றை விட்டால் அதில்தான் இருக்கும் என்று எனக்குப் படும்.

வீட்டில் இவர் கேட்டார்: "உனக்கென்ன விசரே? உன்ட சொந்தப் பாட்டியின்ட பெயர் உனக்குத் தெரியுமோ?"

"தெரியாது."

"அப்ப என்னத்துக்கு ஆற்றையோ பாட்டியைத் தேடுறாய்?"

"அவவுக்குப் புத்தகம் இருக்கப்பா. எங்கட ஆக்களின்டயை எங்க போய்த் தேட?"

இவர் ஹொக்கி பார்க்கத் திரும்பினார். துறைமுகப் பக்கம் கிடங்கில் வேலை செய்து ஓய்வு பெற்ற மனிதர். ஒரு கேள்விக்கு மேல் கேட்டால் களைத்துவிடுவார்.

4

ஐந்தாவது செவ்வாய்க்கிழமை கண்டுபிடித்தேன். அதே ஒழுங்கை. அமலோற்பவ மரியா. ஞானத்தாய் ரோசா. பிள்ளையின் பெயர் ஜுசே. பிறந்த நாளும் மனுவேல் சொன்ன நாளே.

ஒவ்வொரு பதிவும் ஒரே மாதிரித்தான் போகும். இன்னாருடைய மகன் என்ற இடத்தில் தகப்பன் பெயர் வரும், பெரிய எழுத்தில் தொடங்கும். இந்தப் பக்கத்தில் அந்த இடத்தில் பெரிய எழுத்து இல்லை. தகப்பன் என்ற சொல் இருந்தது, அதற்குப் பின்னால் சின்ன எழுத்தில் ஒரு சொல். அது மெலிசாவின் தாளில் இல்லாத சொல்.

நான் எழுத்துச் சொல்லுவதை நிறுத்தினேன்.

"என்ன, மதாம்?"

"கழிவறைக்குப் போயிட்டு வாறன், மிஸ்யூ."

மேலே ஓடிப்போய் என் மகள் ஷரோனுக்கு ஃபோன் எடுத்தேன். லொங்குய்யில் ஒரு அலுவலகத்தில் வேலை. ஷரோனுக்குத் தமிழ் விளங்கும், பதில் பிரெஞ்சில் வரும். அம்மாவின் பக்கம் போர்த்துக்கேயர் என்று அலுவலகத்தில் சொல்லி வைத்திருக்கிறாள். மன்னார் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொருவருக்கும் விளங்கப்படுத்துவதைவிட அது சுகமாம். இதைப் பற்றியும் நான் கவலைப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

"அம்மா, மீட்டிங்ல நிக்கிறன்." அந்த நேரம் தமிழ்தான் வந்தது.

"ஒரு சொல் பிள்ளை. ஒண்டே ஒண்டு." எழுத்துகளைச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் தட்டுகிற சத்தம். "'தெரியாது' எண்டு வருது. இல்லை, ஆளுக்குச் சொல்லுறது. 'தெரியாதவர்'. ஏன், ஆர்?"

"ஒருத்தரும் இல்லை."

"ஓம், அதைத்தானே சொல்லுறன்" என்று வைத்துவிட்டாள்.

படியில் இறங்கினேன். தகப்பன் தெரியாதவர். எண்பது வருடமாக ஒரு மனிதர் ஒரு கப்டனை வைத்து வாழ்ந்திருக்கிறார். எட்டாம் வகுப்புப் படித்த ஒருத்தி வந்து, எழுத்தெழுத்தாக அந்தக் கப்டனை இல்லாமல் செய்வதா?

"தண்ணி பட்டிருக்கு, மிஸ்யூ. அந்த இடம் வாசிக்க ஏலாது."

"எந்த இடம்?"

"தகப்பன் பெயர்."

மனுவேல் பின்னால் சாய்ந்தார். வருத்தப்படவில்லை, திருப்திதான் பட்டார். "கடல் தண்ணியா இருக்கும்" என்றார்.

5

தமிழ்ப் பங்குக் கோயிலில் சனிக்கிழமை பூசைக்கு முன்பு பாவசங்கீர்த்தனம் கேட்பார்கள். சுவாமி இளவயது, யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவர்.

"ஒரு வரியை வாசிக்காமல் விட்டிட்டன், சுவாமி."

"வேதாகமத்திலயோ?"

"இல்லை, போர்த்துக்கேயப் புத்தகத்தில. தண்ணி பட்டதெண்டு பொய் சொன்னனான்."

"உங்களுக்குப் போர்த்துக்கேயம் தெரியுமோ, அக்கா?"

"தெரியாது, சுவாமி."

வலைக்கு அந்தப் பக்கம் சுவாமி கதிரையைக் கிட்ட இழுத்தார். முழுக்கதையையும் சொன்னேன். எனக்குப் பின்னால் நாலு பேர் வரிசையில் இருமிக்கொண்டிருந்தார்கள்.

"அவர் மரத்தை எதுக்குச் செய்யிறார்?" என்று சுவாமி கேட்டார்.

"எண்பதுக்கு. மண்டபத்தில மாட்ட."

"அப்ப நீங்கள் சொல்லாட்டி, நீங்கள் சொன்ன பொய்யைத்தான் மாட்டப் போறார்." பிறகு செபமாலையில் பத்து மணி சொல்லச் சொன்னார். அந்த மனிதரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. அதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் மெலிசா வந்து மாதிரிப் படம் காட்டினாள். ஒரு ஆள் உயரம். உச்சியில் ஒரு பாய்க்கப்பல், அதற்குக் கீழே தங்க நிற எழுத்தில் கப்டன் மனுவேல் பஷேக்கு. முதற்பெயர் எங்கே கிடைத்தது என்று கேட்டேன்.

"புத்தகத்தில தண்ணி பட்டிட்டுதுதானே" என்றார் மனுவேல். "எனக்கு அவற்ற பெயரைத்தான் வைச்சிருப்பினம். அப்ப அவர் மனுவேல்தான்."

என் ஒரு பொய் ஒரு கிழமையில் முதற்பெயரும் எடுத்துக் கப்பலும் வாங்கிவிட்டது.

6

செவ்வாய்க்கிழமை மெலிசா இல்லாத நேரம் பார்த்துப் போனேன். உட்காரவில்லை.

"மிஸ்யூ மனுவேல், தண்ணி படேல்லை."

"என்ன?"

"வாசிக்கலாம். நான் வாசிக்கேல்லை. இப்ப வாசிக்கிறன்."

கண்ணை மூடிக்கொண்டார், வழக்கம்போல. நான் எழுத்துகளைச் சொன்னேன். தகப்பன் என்ற சொல் முடிந்தது. அடுத்த சொல்லில் ஐந்தாவது எழுத்தில் கையைத் தூக்கினார். நான் நிறுத்தினேன். அடுப்பில் வைத்திருந்த அவருடைய சூப் பொங்கி வழிந்தது. போய் அணைத்தேன்.

"மற்றவையின்ட பக்கத்திலயும் இப்படி இருக்கோ?"

"சில பக்கத்தில இருக்கு, மிஸ்யூ. கன பக்கத்தில இல்லை."

"மதாம், நீங்கள் இப்ப வீட்ட போங்கோ."

ஒரு கிழமை அவர் என்னோடு கதைக்கவில்லை. படியில் கண்டால் ஓரக் கண்ணால் பார்ப்பார். அவருக்கு அப்படித்தான் பார்க்க ஏலும், ஆனால் இந்த ஓரக் கண் வேறு. வீட்டு ஒப்பந்தம் புதுப்பிக்கிற கடிதம் வருகிற காலம் அது. நான் மனதுக்குள் சாமான்களைப் பெட்டி கட்டத் தொடங்கிவிட்டேன். இவர் சொன்னார்: "வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கண் தெரியாத மனுசன், இருக்கட்டும் எண்டு விட்டிருக்கலாம்." இருந்திருக்கலாம்தான்.

எட்டாம் நாள் கீழே இருந்து கூப்பிட்டார். "மதாம் மிராண்டா! நீங்கள் மிச்சத்தை வாசிக்கேல்லை!"

போனேன். சவரம் செய்திருந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் படகு இருந்த இடத்திலேயே இருந்தது.

"பள்ளிக்கூடத்தில பெடியள் கேட்டவங்கள், உன்ட அப்பாவின்ட அப்பா ஆரெண்டு. எனக்கு அப்ப ஏழு வயது. வீட்ட வந்து அப்பாட்டைக் கேட்டன். அவர் மண்வெட்டியைச் சுவரில சாத்திவைச்சிட்டு, கப்டனைப் பற்றிச் சொன்னவர். அதுக்கு முந்தி வீட்டில கப்டன் எண்டு ஒரு கதையே இருக்கேல்லை. இந்த ஒரு கிழமையாத்தான் அதை யோசிச்சுப் பார்த்தன்." விரலால் மேசையைத் தடவினார். "அண்டு பின்னேரம்தான் கப்டன் பிறந்திருக்கிறார். எனக்காக. மீசையோட."

"தங்கப் பல்லும்" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

"தங்கப் பல் பேந்து வந்தது. எனக்கு ஒன்பது வயதில." மூக்கைச் சிந்தினார். "சரி. பஷேக்கு எங்கால வந்தது? வாசியுங்கோ."

வாசித்தேன். தாய் மரியா. ஞானத்தாய் ரோசா, தாயின் சகோதரி. ஞானத்தகப்பன்: அந்தோனியு பஷேக்கு. அதற்குப் பின்னால் அவருடைய தொழில். எழுத்தெழுத்தாகச் சொன்னேன். மனுவேல் சேர்த்தார்.

"செருப்புத் தைக்கிறவர்" என்றார். இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தார். "செருப்புத் தைக்கிறவர்."

அந்த அந்தோனியுதான் உண்மையில் தகப்பனோ, அல்லது வேறு யாரும் நிற்க வராதபோது வந்து நின்ற நல்ல மனிதனோ, புத்தகத்தில் இல்லை. நான் புத்தகத்தில் இல்லாததைச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது. எங்கள் கரை, ஞானஸ்நானம், கப்பலில் வந்த மிராண்டா, எல்லாவற்றையும் சொன்னேன். எங்களில் இரத்தம் ஒன்றும் இல்லை, மிஸ்யூ. பெயர் ஞானத்தகப்பனுடையது. ஊர் முழுக்க அப்படித்தான். ஒருத்தரும் அதற்காகத் தலை குனிவதில்லை.

"இருபத்திரண்டு வருசமா ஏன் சொல்லேல்லை?"

"வீடு தேடிக்கொண்டிருந்தனாங்கள்."

நான் ஒப்பந்தக் கடிதத்தை நினைத்துக்கொண்டேன்.

"அப்ப நானும் நீங்களும் ஒரே மாதிரித்தான் பஷேக்குவும் மிராண்டாவும் ஆயிருக்கிறம்" என்றார். பிறகு எழும்பிப் போய், அடுப்பில் இந்த முறை வழிந்து போகாத சூப்பை இரண்டு கோப்பையில் ஊற்றினார். உப்பு இல்லை. முழுக்கக் குடித்தேன்.

7

மெலிசாவுக்கு அவரே சொன்னார். "கப்பலை எடு. மேல என்ட பாட்டியைப் போடு, மூண்டு பெயரையும் போடு. பக்கத்தில ஒண்டும் போடாதை."

"வெறுமையா விடுறதோ, தாத்தா? வடிவா இருக்காது."

"வடிவுக்கே செய்யிறம்?"

அந்தோனியுவை எங்கே போடுவது என்பதில் இருவருக்கும் சண்டை. மரத்தில் ஞானத்தகப்பனுக்குக் கிளை இல்லை என்றாள் மெலிசா. மனுவேல் கேட்கவில்லை. கடைசியில் ஜுசேயின் பெயருக்குப் பக்கத்தில், கை வைத்து நிற்பதைப் போல, ஒரு சின்னப் பெட்டிக்குள் அந்தோனியுவின் பெயரை எழுதினார்கள். தொழிலையும் எழுத வேண்டும் என்று மனுவேல் பிடிவாதம்.

மண்டபத்தில் ஆட்கள் கோழியோடும் வைனோடும் வந்து மரத்துக்கு முன்னால் நின்றார்கள், வாசித்தார்கள், தட்டைப் பார்த்துக்கொண்டு விலகினார்கள். நான் சுவரோரம் இருந்து ஒவ்வொரு முகமாக எண்ணிக்கொண்டிருந்தேன். ஷரோனும் வந்திருந்தாள். "இந்தப் பெட்டி மாதிரியோ எங்கட பெயரும்?" என்று தமிழில் கேட்டாள். ஓம் என்றேன். "அப்ப ஒஃபீஸ்ல இனி என்னத்தைச் சொல்லுறது?" என்றாள். அது அவளுடைய கவலை. எனக்கு ஏற்கெனவே இருந்தது போதும்.

பிறகு ஓடீலியா வந்தா. மனுவேலைவிட நாலு வயது மூப்பு. ஓடீலியா பஷேக்கு, கப்டனின் தம்பியின் பேத்தி, மனுவேலுக்கு இரண்டுவிட்ட சகோதரி என்று நாங்கள் எல்லோரும் அறிந்தவ. கப்டனைப் பற்றி மனுவேல் ஒரு பங்கு சொன்னால் ஓடீலியா இரண்டு பங்கு சொல்லுவா. கைத்தடியை ஊன்றிக்கொண்டு மேலிருந்து கீழே வாசித்தா. மண்டபத்தில் சத்தம் குறைந்தது.

"கப்டன் எங்க?"

"இல்லை" என்றார் மனுவேல்.

"இந்தச் செருப்புத் தைக்கிறவர்..."

"உன்ட பாட்டன்."

"என்ட பாட்டன் எண்டு எனக்குத் தெரியும்! அவர் உனக்கு ஆர்?"

"என்ட அப்பாவைக் கோயிலில தூக்கிக்கொண்டு நிண்டவர்."

"அப்ப நீயும் நானும் என்ன முறை?"

எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மனுவேல் தலையை ஒரு பக்கம் சரித்து, எந்த இடத்தில் தெரியுமோ அந்த இடத்தால் ஓடீலியாவைப் பார்த்தார். "தூக்க வேற ஒருத்தரும் வரேல்லை, ஓடீலியா. உன்ட பாட்டன் வந்தவர். அதுக்கு என்ன முறையோ, அந்த முறை."

ஓடீலியா ஒரு கேக் துண்டை எடுத்துக்கொண்டு தன் மேசைக்குப் போய்விட்டா. யாரோ பாட்டைத் திரும்பவும் போட்டார்கள்.

நாங்கள் வெளிக்கிடும்போது கோட்டுகள் தொங்கும் இடத்தில் அவ எனக்காக நின்றா. அவவுடைய மகள் காரைக் கொண்டுவரப் போயிருந்தா. சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினா.

"நீதானே வாசிக்கிற மனுசி?"

"ஓம், மதாம்."

"என்ட ஆக்களையும் வாசிப்பியோ? நீயும் நானும் மட்டும். என்ட மகளுக்குத் தெரிய வேண்டாம்."

"வாசிப்பன், மதாம்" என்றேன். "ஆனா ஒரு வரியும் விடமாட்டன்."

ஓடீலியா என்னை மேலும் கீழும் பார்த்தா. பிறகு கோட்டின் பொத்தான்களைக் கீழிருந்து ஒவ்வொன்றாகப் பூட்டத் தொடங்கினா. விரல்கள் வளையவில்லை, நேரம் எடுத்தது. உதவி செய்யலாமா என்று கேட்கவும் எனக்குப் பயம். வெளியே மகள் ஹோர்ன் அடித்தா. கழுத்துப் பொத்தானையும் பூட்டி முடித்து, கைத்தடியை எடுத்துக்கொண்டா.

"செவ்வாய்க்கிழமை வா" என்றா.